நேரத்திற்கேற்ற மின்கட்டணமும் வீட்டு வெந்நீர்க் கலனும்

நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம். எஃகைக் கிடங்கில் அடுக்கி வைக்கலாம். மின்சாரத்தைப் பெருமளவில் அவ்வாறு இருப்பு வைப்பது இன்றும் செலவு மிக்க செயலாகவே உள்ளது. எந்த நொடியில் எவ்வளவு தேவைப்படுகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். ஆகவே, நுகர்வோர் ஓராண்டில் மொத்தம் எத்தனை யூனிட் செலவிடுகின்றனர் என்பதை விட, அவர்கள் அனைவரும் ஒரே வேளையில் எவ்வளவு கேட்கின்றனர் என்பதே மின் நிலையங்களின் அளவையும், மின் கம்பிகளின் பருமனையும், மின்மாற்றிகளின் திறனையும் முடிவு செய்கிறது. நாளின் சில மணி நேரத் தேவைக்காக நிறுவப்படும் நிலையம் எஞ்சிய நேரமெல்லாம் சும்மா இருக்கும். அதன் வட்டியும் தேய்மானமும் மட்டும் சும்மா இருப்பதில்லை.

இதிலிருந்து பிறந்ததே நேரத்திற்கேற்ற கட்டணம் என்னும் கொள்கை. தேவை உச்சத்தில் நிற்கும் வேளையில் ஒரு யூனிட்டுக்கு அதிக விலை. தேவை தாழ்ந்திருக்கும் வேளையில் குறைந்த விலை. பொருளாதார மாணவர்கள் இதனை இறுதிநிலைச் செலவுக்கேற்ற விலை என்று அறிவர். பிரெஞ்சுப் பொருளியலறிஞர் மார்செல் புவாத்தே 1949-ஆம் ஆண்டில் உச்சத் தேவைக்கு விலையிடுவது குறித்து எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. அவரே பின்னர் அந்நாட்டின் அரசுடைமை மின் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, தாம் எழுதியதை நடைமுறையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றார். பொருளியலறிஞர்களுக்கு இது எளிதில் கிட்டாத வாய்ப்பு.

இந்தியச் சட்டமும் இக்கொள்கையை ஏற்றுள்ளது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 62-ஆம் பிரிவில், நுகர்வோரிடையே பாரபட்சம் காட்டலாகாது என்று கூறிவிட்டு, மின்சாரம் எந்த வேளையில் தேவைப்படுகிறது என்பதன் அடிப்படையில் கட்டணத்தை வேறுபடுத்தலாம் என்று அனுமதி அளிக்கிறது. பெருந்தொழில்களுக்குப் பல மாநிலங்களில் இம்முறை நெடுங்காலமாக நடைமுறையில் இருந்து வந்தது. 2023 ஜூன் மாதத்தில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோதுதான் வீடுகளும் இதன் எல்லைக்குள் வந்தன. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தேவையுள்ள வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், வேளாண்மை நீங்கலான ஏனையோருக்கு 2025 ஏப்ரல் 1 முதலும் நேரக் கட்டணம் பொருந்த வேண்டும் என்றும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டவுடன் அது நடைமுறைக்கு வரவேண்டும் என்றும் விதி கூறுகிறது. சூரிய ஒளி வேளையென மாநில ஒழுங்குமுறை ஆணையம் குறிக்கும் எட்டு மணி நேரத்தில் கட்டணம் வழக்கமானதை விடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும். உச்ச வேளையில் அது வணிக, தொழில் நுகர்வோருக்கு 1.2 மடங்குக்கும், வீடுகள் முதலான ஏனையோருக்கு 1.1 மடங்குக்கும் குறையலாகாது.

விதி தெளிவானது. ஆனால் ஒரு குடும்பம் இதனால் பயனடையுமா, சுமையடையுமா என்பது விதியில் இல்லை. அக்குடும்பத்திடம் உள்ள சாதனத்தில்தான் இருக்கிறது. இதை விளங்கிக் கொள்ள, வீடுகளில் நேரக் கட்டணத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்ட ஒரு நாட்டின் அனுபவத்தை முதலில் காண்பது நல்லது.

பிரிட்டனின் இரவுக் கணப்பு

பிரிட்டனில் குளிர்காலத்தில் வீடுகளுக்குக் கணப்பு இன்றியமையாதது. அனல் மின் நிலையங்களையும் அணு மின் நிலையங்களையும் இரவில் அணைத்துக் காலையில் மூட்டுவது கடினம்; இரவிலோ நாடு உறங்குகிறது. இரவில் வீணாகும் திறனைப் பகலின் குளிருக்குப் பயன்படுத்துவது எவ்வாறு? 1960-களில் பரவலான வெப்பச் சேமிப்புக் கணப்பு இதற்கு விடையாக வந்தது. அதன் அமைப்பு எளிமையானது. உலோகப் பெட்டி ஒன்றினுள் அடர்த்தி மிக்க செங்கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றினூடே மின் சூடேற்றும் கம்பிகள் செல்லும். சுற்றிலும் வெப்பத் தடுப்பு உறை. இரவில் கற்கள் பல நூறு டிகிரி வரை சூடேறும். மறுநாள் முழுவதும் அவை வெப்பத்தை மெதுவாக அறைக்குள் விடும். 3.4 கிலோவாட் கணப்பு ஒன்று ஏழு மணி நேரத்தில் ஏறத்தாழ 24 யூனிட் மின்சாரத்தை வெப்பமாக மாற்றிக் கற்களில் இருத்திக் கொள்ளும். அது மின்கலம் அன்று. ஆயினும் மின்கலத்தின் வேலையில் ஒரு பாதியைச் செங்கல் விலையில் செய்தது.

1978-இல் அறிமுகமான 'எகானமி 7' என்னும் கட்டணத் திட்டம் இக்கணப்புகளுக்கென்றே அமைந்தது போன்றது. இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை. அதற்கு ஈடாக, பகலில் சாதாரணக் கட்டணத்தை விடக் கூடுதல் விலை. இந்தப் பிற்பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு பார்க்கலாம். சாதாரணக் கட்டணம் யூனிட்டுக்கு 100 காசு என்றும், இரவு விலை 60 காசு என்றும், பகல் விலை 120 காசு என்றும் கொள்வோம். மொத்தப் பயன்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு இரவுக்கு மாறினால் செலவு பழைய அளவிலேயே நிற்கும். அதற்கு மேல் மாறினால் ஆதாயம். அதற்குக் கீழென்றால் நட்டம். கணப்பு பழுதாகி, அதை மாற்றாமல் பகலில் சாதாரண மின் சூடேற்றியைக் கொண்டு சமாளிக்கும் முதியவர் ஒருவர், மலிவுத் திட்டத்தின் பெயரால் நாட்டிலேயே அதிகமான விலையைக் கொடுத்துக் கொண்டிருப்பார். திட்டத்தின் பெயரிலுள்ள சிக்கனம் அவருக்கு எட்டாது.

கணப்பைக் கையாள்வதிலும் நுட்பம் தேவைப்பட்டது. பழைய மாதிரிகளில் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று, இரவில் எவ்வளவு வெப்பம் ஏற்ற வேண்டும் என்பதற்கு. மற்றொன்று, பகலில் எவ்வளவு வேகமாக வெளிவிட வேண்டும் என்பதற்கு. நாளைய குளிர் எவ்வளவு என்பதை இன்றிரவே கணித்து முதல் திருகை வைக்க வேண்டும். இரண்டாவதைப் பகலில் மூடி வைத்து, மாலையில் திறக்க வேண்டும். பலரும் இரண்டையும் முழுமையாகத் திறந்து வைத்தனர். விளைவு: ஆளில்லாத வீட்டை நண்பகலில் சூடாக்கிவிட்டு, குடும்பத்தார் திரும்பும் மாலையில் கற்கள் ஆறிக் கிடந்தன. பிறகு பகல் விலையில் வேறொரு சூடேற்றி. பிற்காலத்தில் வெப்பத் தடுப்பு மேம்பட்ட, விசிறியும் வெப்ப உணரியும் கொண்ட மாதிரிகள் இக்குறையைப் பெரிதும் நீக்கின.

கணப்பை ஏழு மணி நேரத்திற்கு மட்டும் இயக்கும் கட்டளை எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான செய்தி. தொடக்கத்தில் மீட்டருக்கருகே ஒரு கடிகார விசை இருந்தது. 1980-களில் வானொலி வழிக் கட்டுப்பாடு வந்தது. பி.பி.சி. வானொலியின் நெடு அலை ஒலிபரப்போடு, கேட்போர் காதுக்கு எட்டாத சமிக்ஞை ஒன்றையும் அனுப்பி, நாடெங்கும் உள்ள விசைகளைக் குழு குழுவாக இயக்கினர். செய்தி கேட்கும் வீட்டிலேயே, அதே அலை, மாடியிலுள்ள கணப்பையும் மூட்டிக் கொண்டிருந்தது. பல பத்தாண்டுகள் இம்முறை நன்றாகவே உழைத்தது. ஆயினும் ஒலிபரப்புக் கருவிகள் மூப்படைந்தன. உதிரிப் பாகங்கள் அரிதாயின. 2025 ஜூன் 30 முதல் அச்சேவையைப் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கியபோது, லட்சக்கணக்கான வீடுகளில் பழைய விசைகள் இன்னும் மாற்றப்படாமலே இருந்தன. மாற்றாவிடில் கணப்பு இயங்காமலே போகலாம், ஓயாமல் இயங்கலாம், அல்லது விலை மிக்க வேளையில் இயங்கலாம் என்று அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது.

இதற்கிடையே அடிப்படையே மாறிவிட்டது. இரவு மலிவுக்குக் காரணமாயிருந்த நிலக்கரி மின் நிலையங்களில் கடைசியானது 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. இப்பொழுது அங்கே மலிவான வேளை எது என்பதைப் பெரும்பாலும் காற்று முடிவு செய்கிறது. பிரான்சிலும் இதே கதைதான். அங்கு இரவில் அணு மின்சாரத்தைக் கொண்டு வீட்டு வெந்நீர்க் கலன்களைச் சூடாக்கும் வழக்கம் நிலைபெற்றிருந்தது. மின் கம்பி வழியாகவே அனுப்பப்படும் சமிக்ஞை கலனின் விசையை இயக்கும். 2025 நவம்பர் முதல் அச்சலுகை நேரத்தில் ஒரு பகுதியைப் படிப்படியாகப் பிற்பகலுக்கு மாற்றத் தொடங்கியுள்ளனர். காரணம், சூரிய ஒளி மின்சாரம்.

இந்தியாவின் மலிவு வேளை

இந்தியாவில் இந்த மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. நாட்டின் சூரிய ஒளி மின் திறன் 2025 ஜனவரியில் 1 லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. 2024 மே 30-இல் நாட்டின் மின் தேவை 2.5 லட்சம் மெகாவாட் என்னும் அளவைத் தொட்டது. கோடையின் அந்தப் பகலுச்சத்தை எதிர்கொள்வதில் கதிரவன் தன் பங்கைச் செய்தது. சிக்கல் தொடங்குவது மாலையில். கதிரவன் மறைகிறது, விளக்குகளும் குளிர்சாதனங்களும் ஒருசேர இயங்குகின்றன, அனல் நிலையங்களும் நீர்மின் நிலையங்களும் ஓரிரு மணி நேரத்தில் அந்த இடைவெளியை நிரப்பியாக வேண்டும். மின் சந்தையின் விலைப் பட்டியலில் இதை அப்படியே படிக்கலாம். சில நாட்களில் நடுப்பகலில் விலை மிகவும் கீழே இறங்குகிறது. அன்று மாலையிலேயே அது யூனிட்டுக்கு 10 ரூபாய் என்னும் உச்ச வரம்பைத் தொடுகிறது. 2025-இல் ராஜஸ்தானில் மின் தடங்களின் போதாமையால் பகலில் சூரிய மின் உற்பத்தியையே கட்டுப்படுத்த நேர்ந்ததும் உண்டு.

வெப்பச் சேமிப்புக் கணப்பு இந்நாட்டில் வழக்கில் இல்லை. ஆனால் அதன் வேலையைச் செய்த சாதனம் ஒன்று இங்கு நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளது. அதுதான் கிணற்று மோட்டார். பம்பு செட்டு நீரை இரவில் இறைத்தாலும் பகலில் இறைத்தாலும் பயிருக்கு ஒன்றே. அதனால் பல மாநிலங்கள் வேளாண் மின் விநியோகத்தைச் சுழற்சி முறையில் இரவுக்குத் தள்ளின. மின் வாரியத்தின் தேவை வளைவு சமனாயிற்று. விலை கொடுத்தவர் உழவர். நள்ளிரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து, பாம்புக்கும் சேற்றுக்கும் அஞ்சி, மோட்டாரை இயக்கியவர் அவர். கட்டணச் சலுகை என்று எதுவும் இதற்கு அவருக்குத் தனியே எழுதப்படவில்லை. மின்சாரம் இலவசமாகவோ மலிவாகவோ கிடைப்பதே சலுகை என்று கொள்ளப்பட்டது. சூரிய மின்சாரம் பெருகியபின் இந்த ஏற்பாடு தலைகீழாகத் தொடங்கியது. குஜராத் 2020-இல் உழவர்களுக்குப் பகலில் மின்சாரம் அளிக்கும் கிசான் சூர்யோதய திட்டத்தைத் தொடங்கியது. மகாராஷ்டிரம் வேளாண் மின் தடங்களைச் சூரிய மின் நிலையங்களோடு இணைக்கும் திட்டத்தை 2017 முதல் செயல்படுத்தி வருகிறது. மின் தேவையை நகர்த்துவதற்கு விலை மட்டுமே வழி என்று கருதுவோர் இவ்விரு மாநிலங்களையும் ஒருமுறை நோக்க வேண்டும். இங்கு நகர்ந்தது விலையன்று, விநியோக நேரமே.

வீடுகளில் அப்படி நேரம் வகுத்து மின்சாரம் தர இயலாது. அங்கு விலைதான் பேச வேண்டும். வீட்டில் விலையின் பேச்சைக் கேட்கக் கூடிய சாதனங்கள் எவை? விளக்கு கேட்காது, விசிறி கேட்காது. தொலைக்காட்சியை நண்பகலுக்கு ஒத்திவைக்க எவரும் உடன்படார். தண்ணீர்த் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார், துணி துவைக்கும் எந்திரம், மின்சார வாகனம், வெந்நீர்க் கலனாகிய கீசர் ஆகியவையே நேரத்தை மாற்றிக் கொள்ளக் கூடியவை. இவற்றுள் கீசர்தான் இரவுக் கணப்பின் நேர் உறவு. வட இந்தியாவின் குளிர்கால விடியலில் தேவை திடீரென உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம். 2 கிலோவாட் கீசர்கள் ஒரு லட்சம் ஒரே வேளையில் இயங்கினால் 200 மெகாவாட் தேவை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

அப்படியானால் கீசரை நண்பகலில் இயக்கி, மறுநாள் காலை வரை வெந்நீரை வைத்திருந்தால் என்ன? காகிதத்தில் இது அழகான யோசனை. கணக்கிட்டுப் பார்த்தபின் மகிழ்வதே முறை.

25 லிட்டர் கொள்ளளவும் 2 கிலோவாட் திறனும் கொண்ட கீசரை எடுத்துக் கொள்வோம். குளிர்காலக் குழாய் நீர் 15 டிகிரி. அதனை 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 1.3 யூனிட் ஆகும். 40 நிமிடம் பிடிக்கும். இந்த வெந்நீரோடு 20 லிட்டர் குளிர்ந்த நீரைக் கலந்தால் 40 டிகிரியில் 45 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி, குளிக்கும் நீர் கிடைக்கும். பிற்பகல் 2 மணிக்குச் சூடாக்கிய நீர் மறுநாள் காலை 6 மணி வரை 16 மணி நேரம் கலனில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் உறை வழியே வெப்பம் கசியும். நட்சத்திரக் குறியீட்டு முத்திரையில் 24 மணி நேரத்திற்குரிய இந்த இழப்பு குறிக்கப்படுகிறது. அது 0.6 யூனிட் என்று வைத்துக் கொண்டால், காலைக்குள் 0.4 யூனிட் போய்விடும். நீர் சுமார் 46 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதைக் கலந்தால் 31 லிட்டர்தான், இரண்டு வாளி. மூன்றாவதாகக் குளிக்கப் போகிறவர் காலையில் விசையைத் தட்டத்தான் செய்வார்.

வழக்கமான கட்டணம் யூனிட்டுக்கு 7 ரூபாய் எனில், விதியின் குறைந்தபட்ச விகிதப்படி சூரிய ஒளி வேளையில் 5 ரூபாய் 60 காசு; உச்ச வேளையில் 7 ரூபாய் 70 காசு. காலை நேரம் உச்ச வேளையாக அறிவிக்கப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். காலையிலேயே முழுவதும் சூடாக்கினால் செலவு 10 ரூபாய் 1 காசு. பகலில் சூடாக்கி, காலையில் இழப்பை ஈடு செய்தால், 7 ரூபாய் 28 காசோடு 3 ரூபாய் 8 காசு சேர்ந்து 10 ரூபாய் 36 காசு. சலுகையைத் தேடிச் சென்ற குடும்பத்துக்கு 35 காசு நட்டம்! காலை உச்ச வேளையாக இல்லாவிடில் நட்டம் ஒரு ரூபாயை நெருங்கும். நாட்டின் மின் நுகர்வும் கூடுகிறது.

கலனின் உறை மேம்பட்டு, நாளொன்றுக்கு இழப்பு 0.3 யூனிட்டாகப் பாதியானால் நிலைமை மாறுகிறது. அப்போது செலவு 8 ரூபாய் 82 காசு. நாளொன்றுக்கு 1 ரூபாய் 19 காசு மிச்சம். 100 நாள் குளிர்காலத்துக்கு ஏறத்தாழ 119 ரூபாய். இந்தத் தொகைக்காக ஒரு குடும்பம் புதிய கலனும் நேர விசையும் வாங்குமா என்பது ஐயமே. மாலையில் குளிப்போரின் கணக்கு வேறு. மாலை 4 மணிக்குச் சூடாக்கி 7 மணிக்குப் பயன்படுத்தினால், பழைய கலனிலும்கூட, உச்ச வேளைச் செலவோடு ஒப்பிட நாளொன்றுக்கு 2 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். தொழிற்சாலையிலிருந்தும் பணிமனையிலிருந்தும் திரும்பி மாலையில் குளிக்கும் குடும்பங்களுக்கும், இரவில் பாத்திரம் கழுவ வெந்நீர் வேண்டும் மலைப்பகுதி வீடுகளுக்கும் பகல் சலுகை உடனே பொருந்தும். விடியற்காலைக் குளியலுக்கு அது இன்றைய கீசர்களைக் கொண்டு எளிதில் பொருந்தாது.

நண்பகல் வெப்பத்தை மறுநாள் விடியல் வரை காப்பது தொழில்நுட்ப முறையில் இயலாத செயலன்று. பெங்களூரின் மொட்டை மாடிகளில் நிற்கும் சூரிய வெந்நீர்க் கலன்கள் அதைத்தான் நாள்தோறும் செய்கின்றன. அவற்றின் கலன் பெரிது, உறை தடிமனானது. கலன் பெரிதாகும்போது கொள்ளளவு வளரும் வேகத்துக்கு மேற்பரப்பு வளர்வதில்லை. ஆகவே லிட்டருக்கான இழப்பு குறைகிறது. தனித்தனிக் குளியலறைகளில் தொங்கும் சிறு கீசர்களை விட, விடுதிகள், மருத்துவமனைகள், அரசு ஊழியர் குடியிருப்புகள் ஆகியவற்றின் பொதுக் கலன்களே நேரக் கட்டணத்துக்கு முதலில் இசையக் கூடியவை. திட்டமிடுவோர் தொடங்க வேண்டிய இடமும் அதுவே என்று தோன்றுகிறது.

கலன் இல்லாதவர்

கீசரே இல்லாத வீடுகள் ஏராளம். அங்கெல்லாம் வாளி நீரில் இடும் சூடேற்றும் ராடு உண்டு. 1.5 கிலோவாட் ராடு ஒன்று 18 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த அரை யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும்; இருபது நிமிடம் ஆகும். வாளிக்கு உறை இல்லை. வெந்நீரைச் சேமிக்க வழியில்லை. ராடை நேர விசையில் இணைத்துவிட்டு வெளியே செல்வது உயிருக்கே ஆபத்தானது. நீரில் கை வைக்குமுன் விசையை நிறுத்தவும், நீர் குறைந்தால் கவனிக்கவும் ஆள் அருகில் இருந்தாக வேண்டும். ஆகவே, ராடு வைத்திருப்பவர் எந்த வேளையில் குளிக்கிறாரோ அந்த வேளையின் விலையைக் கொடுப்பவர். நல்ல உறையுள்ள கலனும், கைப்பேசியால் இயங்கும் விசையும் உடையவர் விலையிலிருந்து விலகிக் கொள்ளலாம். வசதி குறைந்தவருக்கு உச்ச வேளைக் கட்டணம் ஒரு சமிக்ஞையாக அன்றி, வெறும் கூடுதல் கட்டணமாகவே வந்து சேரும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. பல மாநிலங்களில் குறைந்த அளவு பயன்படுத்தும் வீடுகளுக்கு மானியமோ, இலவச யூனிட்டோ உள்ளது. ஆகவே அவர்கள் பாதிக்கப்பட மாட்டார்கள் என்பர். இது ஓரளவு உண்மை. ஆனால் அதன் மறுபக்கம், கட்டணமே இல்லாத யூனிட்டுக்கு உச்ச வேளையும் இல்லை, சலுகை வேளையும் இல்லை என்பது. அவ்வீடுகள் தேவையை நகர்த்துவதில் பங்கு கொள்ளா. அடுக்குக் கட்டண முறையிலும் ஒரு சிக்கல் உள்ளது. மாதப் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலை ஏறும் முறையில், எந்த யூனிட் எந்த அடுக்கில் விழுகிறது என்பதைப் பொறுத்தே 20 சதவீதச் சலுகையின் மதிப்பும் மாறும். பகலில் கூடுதலாகச் செலவிட்ட 0.4 யூனிட் குடும்பத்தை அடுத்த அடுக்குக்குத் தள்ளிவிட்டால், சலுகை கரைந்து போகும்.

கேரளம் இதைக் கருதியே போலும், வீடுகளில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்துவோருக்கு நேரக் கட்டணத்தை வகுத்தது. அங்கு காலை 6 முதல் மாலை 6 வரை கட்டணம் 10 சதவீதம் குறைவு. மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல். இரவில் வழக்கமான கட்டணம். மாலை உச்சமே அம்மாநிலத்தின் பழைய தலைவலி என்பதால் தண்டம் அங்கு சலுகையை விடக் கனமாக உள்ளது. குளிர்காலம் இல்லாத அம்மாநிலத்தில் இதன் இலக்கு வெந்நீர் அன்று. துணி துவைக்கும் எந்திரத்தையும் வாகன மின்னேற்றத்தையும் மாலையிலிருந்து விலக்குவதே. ஒரு மாநிலத்தின் நேரப் பட்டியலை மற்றொன்று அப்படியே படியெடுக்க இயலாது என்பதற்கு இது போதிய சான்று. தில்லியில் கோடை உச்சம் ஒரு வேளை; குளிர்கால உச்சம் வேறொரு வேளை. ஆண்டு முழுவதற்கும் ஒரே பட்டியல் அங்கு பொருந்துமா என்பதை ஆணையம் ஆராய வேண்டியிருக்கும்.

விசையை யார் இயக்குவது?

ஸ்மார்ட் மீட்டர் நேரத்தைப் பதிவு செய்கிறது, சாதனத்தை இயக்குவதில்லை. நாடெங்கும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் இலக்கு 2021-இல் தொடங்கிய விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் வகுக்கப்பட்டது. மீட்டரை நாளுக்கு ஒருமுறையேனும் தொலைவிலிருந்து படிக்க வேண்டும், அத்தரவை நுகர்வோருக்கும் அளிக்க வேண்டும் என்று 2023 திருத்தம் கூறுகிறது. நேற்று உச்ச வேளையில் எவ்வளவு சென்றது என்பதை இன்று அறிய முடிந்தால் குடும்பம் பழக்கத்தை மாற்றிப் பார்க்கும். மாத இறுதியில் ஒரே தொகையாக வரும் பட்டியலில் இருந்து எவரும் எதையும் கற்றுக் கொள்ள முடியாது. எனினும் நண்பகல் 12 மணிக்கு அலுவலகத்தில் இருப்பவர் வீட்டுச் சுவரிலுள்ள விசையைத் தட்ட இயலாதென்பதால், கீசரின் மின்னோட்டத்தைத் தாங்கக் கூடிய 16 ஆம்பியர் நேர விசை ஒன்று அவருக்கு வேண்டும். கீசர் செய்வோர் அதைக் கலனிலேயே பொருத்தித் தருவது மேலும் பாதுகாப்பானது. அவ்வாறு பொருத்தும்போது நேரங்களை மாற்ற முடியாதபடி பதித்துவிடலாகாது. பிரிட்டனின் பழைய விசைகள் காட்டியது போல, சலுகை வேளை இடம் பெயரும். கலன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சுவரிலேயே நிற்கும்.

இன்னொன்று, பொறியாளர்கள் அறிந்ததும் கட்டண ஆணை எழுதுவோர் சில வேளை மறப்பதும் ஆகும். சலுகை காலை 9 மணிக்குத் தொடங்குகிறது என்று அறிவித்தால், நேர விசைகள் அனைத்தும் சரியாக 9 மணிக்கே இயங்கும். அதுவரை சிதறிக் கிடந்த பளு ஒரே நொடியில் ஒன்று சேரும். தெருவிலுள்ள மின்மாற்றிக்கு நண்பகலிலேயே ஒரு புதிய உச்சம் உண்டாகும். பிரிட்டனில் வானொலிச் சமிக்ஞையைக் குழு குழுவாக அனுப்பியதற்கும், மீட்டர்கள் தத்தம் சலுகை நேரத்தைச் சில நிமிடம் முன்பின்னாகத் தொடங்குமாறு அமைத்ததற்கும் காரணம் இதுவே. இந்தியாவில் கீசருக்கு மேலும் நல்ல வாய்ப்பு உள்ளது. சூரிய ஒளி வேளை எட்டு மணி நேரம். கலனுக்குத் தேவையோ 40 நிமிடம். ஒரே தெருவில் பத்து வீடுகள் இருந்தால், எட்டு மணி நேரத்திற்குள் ஒன்றன்பின் ஒன்றாக அவை அனைத்தும் சூடேறி முடிக்கலாம். மின்மாற்றி 20 கிலோவாட்டுக்குப் பதிலாக 2 கிலோவாட்டை மட்டுமே காணும். அந்த வரிசையை அமைக்கும் பொறுப்பு விநியோக நிறுவனத்தினுடையதா, கலன் செய்வோருடையதா என்பது இதுவரை எழுந்துள்ள கட்டண ஆணைகளில் பெரும்பாலும் பேசப்படவில்லை.